சொன்னவர் மேஜையில், சொன்னவர் கையால்

போன மாதம் ஆபீஸிலிருந்து பிள்ளைகள் போன் செய்தார்கள். எங்கள் கம்பெனி, டெலிபோன் சேவை மையங்களுக்குச் சிறிய மேஜைக் கம்ப்யூட்டர்களும் அவற்றுக்கான இயங்குதளமும் செய்து விற்கிற கம்பெனி. அந்த இயங்குதளத்துக்குள் சத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ள ஒரு நிரல் உண்டு. ஆடியோ டிரைவர் என்போம். ஹெட்போனில் கேட்பதும் மைக்கில் பேசுவதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பதினெட்டு வருஷம் அதைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான். அதை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, புது மொழி ஒன்றில் முதலிலிருந்து எழுதி முடித்துவிட்டார்களாம். அந்த மொழியில், திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மறுபடி தொடுகிற மாதிரி எழுதினால் நிரல் உருவாகவே உருவாகாதாம். "சேஷ் சார், பழைய டிரைவருக்கு ஒரு பிரியாவிடை மலர் போடறோம். பேய்க்குரலை நீங்க பிடிச்ச கதையை எழுதிக் கொடுங்க" என்றான் ஒருவன் ஹிந்தியில். தமிழில்தான் எழுதுவேன், வேண்டுமானால் யாரையாவது பிடித்து மொழிபெயர்த்துக்கொள் என்றேன். திட்டவும் ஒப்புக்கொள்ளவும் எனக்கு வேறு மொழி வராது.

போனை வைத்ததும் வயிறு எரிந்தது. பின்னே? நாங்கள் ஒவ்வொரு வரியிலும் கால் வழுக்கி விழுந்து எழுந்தவர்கள். இவர்களுக்கு வழுக்கவே வழுக்காத தரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மனைவியிடம் சொன்னேன். "நன்னா இருக்கட்டுமேன்னா, குழந்தைகள்தானே" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? எனக்கு அடுத்தவன் நன்றாக இருந்தால் ஆகாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பரீட்சையில் நான் தொண்ணூறு வாங்கினால் பக்கத்துப் பையன் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் சந்தோஷப்படலாமா கூடாதா என்று முடிவு செய்வேன். இந்தக் கட்டுரையை அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

மாட்டுங்காவில் பிறந்தேன், அங்கேயே படித்தேன், செம்பூரில் வீடு வாங்கினேன். வாஷிப் பக்கம் ஆபீஸ். ஹார்பர் லைன் ரயிலில் பஸ்ட் கிளாஸ் பாஸ். வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறர் எழுதியதைத் திருத்தினேன், திருத்தத் தெரிந்தபின் எழுதினேன். சொல்ல வேண்டியது காமத் சாரைப் பற்றி.

காமத் சார் எங்கள் பிரிவின் தலைவர். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, பிளாஸ்கில் வெந்நீர். மீட்டிங்கில் உட்கார மாட்டார், நம்மையும் உட்கார விட மாட்டார். நினைவகத்தைத் தொடுகிற எந்த வரியை எழுதினாலும் அவர் முன்னால் நின்று, கையில் காகிதம் இல்லாமல், மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். யார் எடுத்தது? இப்போது யார் கையில் இருக்கிறது? யார் திருப்பிக் கொடுப்பது? மூன்றில் ஒன்றுக்குத் திணறினாலும், "போய் யோசிச்சுட்டு வா" என்று பிளாஸ்க் மூடியைத் திறக்க ஆரம்பித்துவிடுவார். அவர் வாயிலிருந்து நான் வாங்கிய அதிகபட்சப் பாராட்டு "டீக் ஹை", அதாவது 'சரி'. அத்தனை வருஷத்தில் அதுவும் எண்ணிச் சொல்லும்படிதான்.

அவருடைய இன்னொரு சட்டம் மேஜைச் சட்டம். முன்னொரு காலத்தில் தாணேயில் இருந்த ஒரு சேவை மையத்தில் ஒரு பெண்ணுக்கு மட்டும் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துபோகுமாம். மூன்று எஞ்சினியர்கள் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு மெஷின் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாலாவதாக காமத் சாரே போய், அந்தப் பெண் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அரை நாள் சும்மா பார்த்திருக்கிறார். அவள் குறிப்பு எழுத நோட்டை எட்டி எடுக்கும்போதெல்லாம் கை வளையல் கீபோர்டின் ஓரத்துப் பட்டனில் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து சட்டம்: ஒரு குறை பதிவானால், நிரலை எழுதியவன், குறை சொன்னவர் மேஜைக்குப் போக வேண்டும். சொன்னவர் மெஷினில், சொன்னவர் கையால் செய்யச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பார்த்தபின் பதிவின் கடைசியில் அந்த ஒரு வரியை எழுத வேண்டும்: சொன்னவர் மேஜையில், சொன்னவர் கையால் செய்து பார்க்கப்பட்டது. அந்த வரி இல்லாமல் எந்தப் பதிவையும் மூட முடியாது.

இந்த நிலையில்தான் இசக்கியம்மாள் வந்து சேர்ந்தாள். தாராவிப் பெண். அப்பாவுக்கு அங்கே லெதர் பை தைக்கிற பட்டறை. கீழே பத்துத் தையல் மெஷின், மேலே வீடு. ஒப்பந்த வேலையில், சோதனைப் பிரிவில் எடுத்திருந்தார்கள். நாங்கள் எழுதுவதை வாங்கி ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று பதிவு செய்வது அவள் வேலை. மூன்று வருஷம் கழித்துத் தேறினால் நிரந்தரம். ஆபீஸில் யாருக்கும் பெயர் வாயில் நுழையாமல் இஸ்கி, இஸ்கி என்பார்கள். கோபமே படமாட்டாள்.

அவளுக்கு ஒரு காது இருந்தது பாருங்கள், அடேயப்பா! வந்த இரண்டாவது வாரம், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட ஒரு ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, "நடுவுல ஒரு தையல் விட்டுருக்கு" என்றாள். அலைவடிவத்தை விரித்துப் பார்த்தால் ஒரு சின்னத் துண்டு நிஜமாகவே விழுந்து போயிருந்தது. கீழே பத்து மெஷினும் ஓடும்போது எதில் நூல் அறுந்தது என்று மாடியிலிருந்தே சொல்லிப் பழக்கமாம். காமத் சார் தாமே இரண்டு முறை கேட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "காது இருந்தால் இப்படி இருக்கணும்." அதோடு விட்டாரா? அவள் எழுதின குறைப்பதிவை மீட்டிங்கில் வாசித்துக் காட்டி, என் பக்கம் திரும்பி, "சேஷாத்ரி, நீயும் இந்த மாதிரி எழுதப் பார்" என்றார்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை நான். பன்னிரண்டு வருஷம் அவர் முன்னால் நின்று நின்று கால் கடுத்தவன் நான். இவள் வந்து இரண்டு வாரம்! அதிலிருந்து அவள் பதிவு எது வந்தாலும் குற்றம் கண்டுபிடிக்கவே திறந்தேன். இங்கிலீஷில் எழுத்துப்பிழை இருந்தால் அன்று முழுக்க மனசு குளிர்ந்திருக்கும்.

மூன்றாவது வருஷம் முடிகிற சமயம். நிரந்தரப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு என் பெயருக்கு ஒரு பதிவு. கூடவே ஆளும் வந்து நின்றாள்.

"சார், ரெண்டு புரோகிராம் ஓடையில ஹெட்போன் ஒயரப் பிடிச்சு வெடுக்குன்னு இழுத்தா, கழலுத நேரத்துல அடுத்த புரோகிராம்ல பேசுத ஆளு குரலு ரெண்டு வார்த்த கேக்கு."

"காதிலேருந்து எடுத்தப்புறம் எப்படிம்மா கேக்கும்?"

"காதுலதான் மாட்டியிருப்பேன் சார். மெஷின்ல சொருகுத முனைதான் கழலும். அது முழுசா வெளிய வரதுக்கு முன்ன கேக்கு. ஒருக்க வந்து பாருங்க."

"வரேன், போ" என்றேன்.

போகவில்லை. அவள் மேஜையில் போய் உட்கார்ந்து, அவள் கையால் செய்து காட்ட, நான் வேடிக்கை பார்க்க, காமத் சார் அந்தப் பக்கம் நடந்து போக... நினைக்கவே காந்தியது. என் மேஜையிலேயே செய்து பார்த்தேன். நாற்பது தடவை கழற்றினேன். ஒரு தடவைகூட ஒன்றும் கேட்கவில்லை. நான் எப்படிக் கழற்றுவேன் தெரியுமா? முனையின் தலையை இரண்டு விரலால் பிடித்து, நேராக, பதவிசாக. ஒயரைப் பிடித்து இழுக்காதே என்று வீட்டில் சொல்லி வளர்த்த பிள்ளை. 'ஒயரைப் பிடித்து வெடுக்கென்று' என்று பதிவில் தெளிவாகவே எழுதியிருந்தாள். படித்துவிட்டுச் சிரித்தேன். ஒரு பொருளைக் கழற்றத் தெரிகிறதா பார் என்று.

அவள் ஏன் அப்படி இழுக்கிறாள் என்று யோசித்திருந்தால் போதும். சயானில் ரயில் ஏறி குர்லாவில் மாறி வருகிற பெண். லேடீஸ் செகண்ட் கிளாஸ். போன் பையின் அடியில், பை நெஞ்சோடு அழுந்தி, சுற்றிலும் ஆள். குர்லா வந்தால் குதிக்க வேண்டும். அந்த நெரிசலில் கைக்கு எட்டுவது கழுத்தருகே தொங்குகிற ஒயர் மட்டும்தான். அதைப் பிடித்து ஒரே இழு. இந்த ஊரில் லட்சம் பேர் தினமும் அப்படித்தான் கழற்றுகிறார்கள். பஸ்ட் கிளாஸில் வருகிற எனக்குத்தான் பையைத் திறந்து இரண்டு விரலால் கழற்ற இடம் இருந்தது.

மறுநாள் பதிவைத் திறந்து அந்த வரியை எழுதினேன். சொன்னவர் மேஜையில், சொன்னவர் கையால் செய்து பார்க்கப்பட்டது. நிகழவில்லை. மூடினேன். சொல்லப்போனால் திருப்தியாக இருந்தது.

சாயங்காலம் அவள் வந்தாள். "சார், நீங்க வரவே இல்லியே?"

"வேலை இருக்கும்மா. இப்போதைக்கு மூடி வெச்சிருக்கேன். ஒழிஞ்சப்போ வந்து பாக்கறேன்."

பட்டியலுக்கு என் அபிப்பிராயமும் போகும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "சரி சார்" என்று போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து காமத் சாருக்கு ஒரு கடிதம் வந்தது. இயங்குதளங்களில் ஓட்டை தேடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் எழுதியது. ஹெட்போன் முனை பாதி வெளியே வந்து, நொடியில் ஒரு துளி நேரம் மறுபடி ஒட்டி, பிறகு முழுதாகக் கழன்றால், அடுத்தவர் நினைவகம் திறந்துகொள்கிறது. குறித்த நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் ஊருக்கே சொல்லிவிடுவேன் என்று. அந்த அசைவை உண்டாக்க அவன் ஒரு குட்டி மெஷினே கட்டியிருந்தான். கடிதத்தைப் படித்ததும் என் மேஜைக்கு ஓடினேன். இரண்டு புரோகிராமை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். முதல் இழுப்பிலேயே, ஓட வேண்டிய பாட்டுக்கு நடுவில், அடுத்த புரோகிராமில் இருந்த ஒரு பெண்ணின் குரல் "அப்புறம் நான்" என்றது.

என்ன நடந்தது என்றால் இதுதான். ஹெட்போன் கழன்றதும் என் நிரல் இரண்டு காரியம் செய்யும். சத்தச் சில்லை நிறுத்தச் சொல்லும். அது படித்துக்கொண்டிருந்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும். சில்லு உடனே நிற்காது, கையிலிருக்கிற துண்டை முடித்துவிட்டுத்தான் நிற்கும். நானோ அதற்குள் நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பதவிசாகக் கழற்றினால் அந்தச் சின்ன இடைவெளியில் சில்லு தானாக நின்றுவிடும், யாருக்கும் தெரியாது. வெடுக்கென்று இழுத்தால் முனை ஒரு தரம் மறுபடி ஒட்டும். உடனே என் நிரல், 'ஓ, மாட்டிவிட்டார்கள்' என்று நிறுத்தச் சொன்னதை ரத்து செய்துவிடும். சில்லு தொடர்ந்து படிக்கும். எங்கிருந்து? திருப்பிக் கொடுத்துவிட்ட இடத்திலிருந்து. அந்த இடம் அதற்குள் வேறொரு புரோகிராமுக்குப் போயிருக்கும்.

நம் ரயிலில் பக்கத்து சீட்டு நண்பர் நிமிர்ந்து பார்க்காமலே டிபன் டப்பாவை நீட்டிக்கொண்டிருப்பார். நாம் செம்பூரில் இறங்கிவிட்டோம், அந்த சீட்டில் கோவண்டியில் ஏறி நின்றவர் உட்கார்ந்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. அது மாதிரி. இது படிக்கிற பக்கம். மைக்கில் எழுதுகிற பக்கம் இன்னும் மோசம்: விஷயம் தெரிந்தவன் அந்த இடத்தில் தனக்கு வேண்டியதை எழுதி மெஷினையே கைப்பற்றலாம். யார் எடுத்தது, யார் கையில் இருக்கிறது, யார் திருப்பிக் கொடுப்பது? மூன்றுக்கும் காமத் சார் முன் நின்று கடகடவென்று பதில் சொன்னவன் நான். இரண்டாவது பதில் தப்பு.

காமத் சார் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் இரண்டு காகிதம், பக்கத்தில் பக்கத்தில். ஒன்று வெளிநாட்டுக் கடிதம். மற்றது இசக்கியின் பதிவு.

"இரண்டும் ஒன்று. இது மூன்று மாதம் முந்தியது" என்றார். விரலை என் வரியின்மேல் வைத்தார். "சேஷாத்ரி, நீ போய்ப் பார்த்தாயா?"

"பார்த்தேன் சார்."

அவர் இசக்கியைப் பார்த்தார். "இவர் உன் மேஜைக்கு வந்தாரா?"

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் பிளாஸ்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வந்தார் சார். நான்தான் சரியா இழுத்துக் காட்டல" என்றாள்.

உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் பொறாமையும் வந்தது. இவளுக்கு இவ்வளவு பெரிய மனசா? காது போதாதென்று இதுவும் இவளிடமா? நன்றி தோன்றியிருக்க வேண்டிய இடத்தில் எனக்கு அதுதான் தோன்றியது, சத்தியமாக.

காமத் சார் சட்டக்காரர். "நீயே சொன்னதை நீயே செய்து காட்ட முடியவில்லை என்றால் பதிவு அரைகுறை" என்றார் அவளிடம். முகம் வாடித்தான் சொன்னார். பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்த அன்று சமோசா வாங்கி, அட்டையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நான் 'வாழ்க வளமுடன்' என்று தமிழில் எழுதினேன். ஓட்டையை நான்தான் அடைத்தேன், நான்கு நாளில். பேய்க்குரலைப் பிடித்தவன் என்று பெயர் வந்தது. கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். டிவிக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது.

அவள் போன இரண்டாவது வாரம் வேறொரு கம்பெனியிலிருந்து போன். இசக்கியம்மாள் உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார், வேலை எப்படி என்று கேட்டார்கள். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை நான். "காது நல்ல காது. கையில நிதானம் கிடையாது. சொன்னதை மறுபடி செஞ்சு காட்ட வராது" என்றேன். அவள் என்னைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையையே எடுத்து அவள் தலையில் போட்டேன். அதை இதுவரை மனைவியிடமும் சொன்னதில்லை.

காமத் சார் இப்போது இல்லை. நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. போன வாரம் வரை இந்தக் கட்டுரையில் கேடயம்தான் கதாநாயகன். இரண்டு பக்கம் அப்படி எழுதியும் வைத்திருந்தேன்.

வீட்டில் கொஞ்ச நாளாக மனைவியோடு சண்டை. "ஏன்னா, மூணு தரம் கூப்ட்டாச்சு, காது கேக்கலையா?" நீதான் வாய்க்குள்ளேயே பேசுகிறாய் என்பேன். கடைசியில் அவளே செம்பூர் ஸ்டேஷன் பக்கம் புதிதாக வந்திருக்கிற காது பரிசோதனை நிலையத்தில் நேரம் வாங்கிவிட்டாள். போனேன். கண்ணாடிக் கதவு, வரவேற்பில் ஒரு பெண், உள்ளே உதவிக்கு ஒரு பெண். நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள் இசக்கியம்மாள்.

"சேஷ் சாரா! வாங்க, வாங்க. நல்லா இருக்கீயளா?"

காதுப் பரிசோதனைக்கு இரண்டு வருஷம் படித்து, ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, இப்போது சொந்தமாக நடத்துகிறாளாம். நல்லது என்றேன். மனசு உடனே கணக்கெடுக்க ஆரம்பித்தது: வாடகை இடமா, சொந்த இடமா, கீழே எத்தனை பேர். எனக்கு வயது அறுபத்து மூன்று. இன்னும் அந்தப் புத்தி போகவில்லை.

சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்கார வைத்து, என் காது இரண்டையும் விளக்குப் போட்டுப் பார்த்தாள். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னிக்கு காமத் சார் ரூம்ல ஏன் அப்படிச் சொன்னே?"

"என்னத்துக்குன்னு நெனச்சிட்டிருக்கீய?"

"என்னைக் காப்பாத்தணும்னு..."

சிரித்துவிட்டாள். "உங்களையா? அட போங்க சார்! எனக்குப் பட்டியல்ல பேரு வராதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. வேற எடத்துக்கு மனு போட்டிருந்தேன். விசாரிக்கதுக்கு உங்க நம்பரத்தான் குடுத்திருந்தேன். உங்களப் பகைச்சுக்கிட்டா நல்ல வார்த்த வருமா? பயந்து சொன்னது சார் அது."

இத்தனை வருஷமாக நான் பொறாமைப்பட்ட அந்தப் பெரிய மனசு, என்மேல் இருந்த பயம்.

விளக்கை அணைத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள்: "போன் பண்ணாவளா சார்? என்ன சொன்னீய?"

"நல்லாத்தான் சொன்னேன்" என்றேன்.

"ஓ" என்றாள். "அந்த வேலை கெடைக்கல. போகட்டும்."

ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்டினாள். முனையின் தலையை இரண்டு விரலால் பிடித்து மெஷினில் சொருகினாள். "சத்தம் லேசாத்தான் வரும். கேட்டா கையத் தூக்குங்க. கேக்கலன்னா சும்மா இருங்க." வெளியே போய்க் கதவைச் சாத்தி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கண்ணாடி வழியே அவள் கை மெஷின்மேல் இருப்பது தெரிந்தது. போட்டிருப்பாள், எனக்குத்தான் கேட்கவில்லை என்று பட்டது. இவளிடமா போய் எனக்குக் காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வது? அதுவும் இவளிடம்! கையைத் தூக்கினேன். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தூக்கினேன். சந்தேகம் வராமலிருக்க மூன்றாவது முறை பாதி தூக்கித் தயங்கி, பிறகு தூக்கினேன்.

ஹெட்போனில் அவள் குரல் வந்தது. கோபம் இல்லை, கிண்டலும் இல்லை.

"சார், நான் இன்னும் சத்தமே போடலியே."

கையை இறக்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எழுதத் தொடங்கியிருந்த காகிதத்தை எடுத்து வைத்துவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்தாள்.

"நான் போன்ல நல்லதா ஒண்ணும் சொல்லலை, இசக்கி" என்றேன், முன்னால் இருந்த மைக்கில்.

"தெரியும் சார். அந்தக் கம்பெனிக்காரவ அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாவ." பேனாவைத் திறந்தாள். "முதல்ல இருந்து வருவோம். இந்தத் தடவ கேட்டா மட்டும் தூக்குங்க."